பத்து நாளில் லெவல் டூ: ராணிப்பேட்டைப் பக்கத்து என்.டி.டி. கோர்ஸ் காசுக்குத் தகுமா?

முத்துக்கடையிலிருந்து சிப்காட் போகிற வழியில் கம்பத்துக்குக் கம்பம் ஒரு நோட்டீஸ் கண்ணில் படும். 'என்.டி.டி. லெவல் 2. 4 மெத்தட். 10 நாள். வேலைக்கு உதவி.' கீழே ஒரு போன் நம்பர். ஆற்காடு, வாலாஜா, காட்பாடி, அரக்கோணம் வாட்ஸ்அப் குரூப்புகளில் சுற்றுவதும் இதே சரக்குதான். யார் வாங்குகிறார்கள் என்றால், ஃபேப்ரிகேஷன் பட்டறையில் ஃபிட்டராகவோ கிரைண்டராகவோ ஐந்தாறு வருஷம் ஓட்டியவர், ஐ.டி.ஐ. முடித்த வெல்டர், டிப்ளமோ படித்துவிட்டு காண்ட்ராக்டில் க்யூ.சி. (தரக் கட்டுப்பாடு) ஹெல்ப்பராக நிற்பவர். கம்பெனி தன் செலவில் பயிற்சிக்கு அனுப்பும் என்று காத்திருந்து அலுத்துப்போய், சொந்தக் காசைப் போட்டாவது ஒரு படி ஏறிவிடலாம் என்று வருகிறார்கள். எண்ணம் சரி. என்ன வாங்குகிறோம் என்று பார்க்காமல்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்; சுருக்கெழுத்துகளுக்கு விளக்கம் அடுத்த பத்தியில். பி.டி., எம்.டி. இரண்டும் சேர்ந்த சின்ன கோர்ஸ், கருவி இருக்கிற இடத்தில் கிடைத்தால் தாராளமாகச் சேரலாம். யூ.டி. தனியாக, முழு மணிநேரமும் கொடுக்கிற இடத்தில் மட்டும். ஆர்.டி.யையும் சேர்த்துக் கட்டிய 10 நாள் பேக்கேஜ் பெரும்பாலோருக்கு வீண் செலவு. வி.டி.யைத் தனியாகச் சொல்லிக்கொடுக்கிற இடம் குறைவு. கிடைத்தால் விடாதீர்கள்.

புதியவர்களுக்காக இரண்டு வரி. பொருளை உடைக்காமல், அறுக்காமல் உள்ளே குறை இருக்கிறதா என்று பார்க்கிற சோதனைகள் எல்லாம் சேர்ந்து என்.டி.டி. சாயம் விட்டுப் பார்ப்பது பி.டி.; பட்டறையில் டி.பி. டெஸ்ட் என்பார்கள். காந்தப் பொடி போட்டுப் பார்ப்பது எம்.டி. ஒலியலை அனுப்புவது யூ.டி. எக்ஸ்ரே, காமா கதிரில் படம் எடுப்பது ஆர்.டி. கண்ணாலும் கேஜாலும் பார்ப்பது வி.டி. லெவல் 1 என்றால் மேற்பார்வையில் சோதிப்பவர், லெவல் 2 தானே சோதித்து முடிவு எழுதுபவர், லெவல் 3 முறையை வகுத்து மற்றவர்களுக்குத் தேர்வு வைப்பவர்.

இனி விஷயத்துக்கு வருவோம். இங்கே விற்கிற கோர்ஸ்களில் பெரும்பாலானவை அமெரிக்காவின் என்.டி.டி. சங்கமான ஏ.எஸ்.என்.டி. வெளியிட்ட எஸ்.என்.டி.-டி.சி.-1ஏ என்ற பரிந்துரையின் பெயரைச் சொல்லித்தான் விற்கின்றன. அந்தப் பரிந்துரையின் அடிப்படையே, சான்று கொடுக்க வேண்டியவர் முதலாளி என்பது. ஒவ்வொரு கம்பெனியும் 'ரிட்டன் பிராக்டிஸ்' என்று ஒன்றை எழுதி வைத்திருக்க வேண்டும். அதன்படி தன் ஆளுக்குத் தானே சான்று தர வேண்டும். வெளியிலிருக்கும் பயிற்சி நிலையம் பாடம் நடத்தலாம், பரீட்சை வைக்கலாம். 'இவர் எங்கள் வேலைக்கு லெவல் 2' என்று கையெழுத்துப் போடும் பொறுப்பு கம்பெனியுடையது. வேலையை விட்டால் அந்தச் சான்றும் அன்றே செல்லாது. வாயிற்காப்பாளரிடம் ஐ.டி. கார்டைத் திருப்பிக் கொடுக்கிறபோது லெவல் டூவையும் சேர்த்துத்தான் கொடுத்துவிட்டு வருகிறீர்கள்.

அப்படியானால் பயிற்சி நிலையம் கொடுக்கிற பளபளப்பான அட்டை எதற்கு? பாதி உபயோகம் உண்டு. இத்தனை மணிநேரம் பயிற்சி எடுத்தார், இந்தப் பரீட்சையில் இத்தனை மதிப்பெண் வாங்கினார் என்பதற்கு அது ஆதாரம். அடுத்த கம்பெனியின் லெவல் 3 விரும்பினால் அதை ஏற்றுக்கொண்டு, தங்கள் வேலைக்கான குறிப்பான தேர்வை மட்டும் வைத்துச் சான்று தரலாம். விரும்பாவிட்டால் முழுசாக மறுபடி எழுதச் சொல்லலாம். அதனால் அட்டையை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். எந்த முறை, எந்தப் பதிப்பைப் பின்பற்றிய பாடத்திட்டம், வகுப்பு நடந்த தேதிகள், மொத்த மணிநேரம், பொதுத் தேர்வு, வேலைக்கான குறிப்புத் தேர்வு, செய்முறைத் தேர்வு மூன்றின் தனித்தனி மதிப்பெண், நடத்திய லெவல் 3யின் பெயரும் சான்று எண்ணும் இருக்கிற தனித் தாள் வேண்டும். அதைக் கொடுக்க யோசிக்கிற இடத்தில் அட்வான்ஸ் கட்ட வேண்டாம்.

மணிக்கணக்கில்தான் பெரிய ஓட்டை. அதே பரிந்துரையில் லெவல் 1, லெவல் 2 இரண்டுக்குமான பயிற்சி நேரம் தரப்பட்டிருக்கிறது. லெவல் 1ல் வேலை பார்க்காமல் நேரே லெவல் 2க்குப் போகிறவர் இரண்டையும் கூட்ட வேண்டும். பி.டி.க்கு 4ம் 8ம், ஆக 12 மணி. எம்.டி.க்கு 12ம் 8ம், 20 மணி. யூ.டி.க்கு 40ம் 40ம், 80 மணி. ஆர்.டி.க்கும் 80. நான்கையும் கூட்டினால் 192 மணி. ஒரு நாளைக்கு 8 மணி என்று வைத்தாலும் 24 நாள் முழுசாக வேண்டும். நோட்டீஸில் இருப்பது 10 நாள், அதாவது அதிகபட்சம் 80 மணி. டீ, சாப்பாடு, தாமதமாக வந்து சேரும் பஸ் எல்லாம் போக 60 தேறினால் பெரிது. மீதி மணிநேரம் பேப்பரில் மட்டும் நடந்திருக்கும். வெளிநாட்டுக் கிளையன்ட் ஆடிட்டுக்கு வந்தால் முதலில் கைவைப்பது இந்த இடத்தில்தான்: தேதியைப் பார்ப்பார், மணியைப் பார்ப்பார், வகுத்துப் பார்ப்பார். மாட்டுவது அட்டையில் பெயர் உள்ளவர்.

பயிற்சி நேரம் ஒரு கணக்கு, அனுபவ நேரம் இன்னொரு கணக்கு. கோர்ஸ் விற்கிறவர் இதைப் பற்றி வாயே திறக்கமாட்டார். லெவல் 1, 2 இரண்டையும் சேர்த்து பி.டி.க்கு 70ம் 140ம், 210 மணி, எம்.டி.க்கு 70ம் 210ம், 280 மணி, யூ.டி.க்கு 210ம் 630ம், 840 மணி. யூ.டி.க்கு மட்டும் 8 மணி கணக்கில் 105 வேலைநாள், அதுவும் புரோபை, அதாவது ஒலியலை அனுப்பும் முனையை, கையில் பிடித்த நேரம். இதை எந்த நிலையமும் விற்க முடியாது. இப்போது வேலை பார்க்கிற பட்டறையில்தான் சம்பாதிக்க வேண்டும். கம்பெனி பயிற்சிக்குப் பணம் தராவிட்டாலும் பரவாயில்லை, இந்த மணிநேரத்தைத் தருகிறதா என்று பாருங்கள். இன்ஸ்பெக்டருக்குச் சாயம் பூசிக் கொடுக்கிற வேலை, பொடி தூவிக் கொடுக்கிற வேலை, கருவியைச் சரிபார்க்கும் பிளாக்கை எடுத்து வைக்கிற வேலை எதையும் 'ஹெல்ப்பர் வேலை' என்று தட்டிக்கழிக்க வேண்டாம். சான்று பெற்றவரின் மேற்பார்வையில் செய்தால் அது கணக்கில் வரும்.

இதற்கு ஒரு கெட்டி அட்டை நோட்டு போதும். கோடு போட்டுத் தேதி, முறை, வேலை எண், பொருள், தடிமன், பின்பற்றிய புரொசீஜர் எண், செய்த மணி, மேற்பார்வையிட்டவர் கையெழுத்து என்று எழுதுங்கள். மாதம் முடிய முடியக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ரிசைன் லெட்டர் கொடுத்த பிறகு இரண்டு வருஷக் கணக்கைத் தூக்கிக்கொண்டு போய் நின்றால் எந்த மேனேஜரும் பேனாவைத் திறக்கமாட்டார். கம்பெனி டிராயிங்கையோ ரிப்போர்ட்டையோ போட்டோ எடுத்து வைப்பது வேறு வம்பு, அது வேண்டாம். பழைய இடத்தை விட்ட 6 மாதத்துக்குள் புதிய இடத்தில் சேர்ந்து, பழைய சான்றுக்கும் விடும்போது அந்த வேலையில்தான் இருந்தோம் என்பதற்கும் ஆதாரம் காட்டினால் மறுபடி சான்று வாங்குவது எளிது. இடைவெளி நீண்டால் முதலிலிருந்து எழுத வேண்டிவரும். ஷட்டவுன் வேலைக்குப் போய்விட்டு ஊருக்கு வந்து ஆறேழு மாதம் சும்மா இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சரி, வகுப்பறைக்குள் போவோம். தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று வேலூரைச் சொல்வார்களே, அந்தப் பட்டியலில் மிஷின் இல்லாத லேபையும் சேர்க்கலாம். பணம் கட்டுமுன் லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். 'மிஷின் சைட்டுக்குப் போயிருக்கிறது' என்ற பதில் வந்தால், திரும்பி வந்ததும் சேர்கிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

பி.டி. வகுப்பு நல்லதா கெட்டதா என்று ஒரே ஒரு விஷயத்தில் தெரிந்துவிடும்: மிச்சச் சாயத்தை எப்படித் துடைக்கச் சொல்கிறார்கள்? முறை இது. பரப்பைக் கிளீனரால் சுத்தம் செய்து காய விட வேண்டும். சிவப்புச் சாயத்தை அடித்துக் காத்திருக்க வேண்டும். எஃகு வெல்டுக்கும் வார்ப்புக்கும் குறைந்தது 5 நிமிஷம், தகடுக்கும் ஃபோர்ஜிங்குக்கும் 10 என்கிறது அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏ.எஸ்.எம்.ஈ.யின் கோடு, செக்ஷன் 5. பிறகு காய்ந்த துணியால் துடைத்து, கடைசியாகக் கிளீனரை லேசாக நனைத்த துணியால் துடைக்க வேண்டும். கேனை நேரே வெல்டில் பீச்சியடித்துக் கழுவினால் விரிசலுக்குள் போன சாயமும் சேர்ந்து வெளியே வந்துவிடும். டெவலப்பர் (விரிசலில் இருக்கிற சாயத்தை வெளியே இழுக்கும் வெள்ளைப் பூச்சு) அடித்த பின் வெள்ளையாகவே இருக்கும், 'ஓகே' என்று எழுதிவிட்டுப் போவார்கள். பட்டறையில் அவசரத்தில் நடக்கிற தப்பு இதுதான். அதை வகுப்பிலேயே வாத்தியார் செய்கிறார் என்றால் எழுந்து வந்துவிடலாம். டெவலப்பர் காய்ந்து 10 நிமிஷம் ஆன பின், 60 நிமிஷத்துக்குள் பார்த்து முடிவு எழுத வேண்டும். அடித்தவுடனே பார்த்துவிட்டு ஓடினால் நுண்ணிய விரிசல் இன்னும் மேலே வந்திருக்காது. மதியச் சாப்பாட்டுக்குப் போய் வந்து பார்த்தால் கோடெல்லாம் பரவிக் குறையின் அளவே தெரியாது.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. வழக்கமான புரொசீஜர் செல்லுபடியாகிற பரப்பு வெப்பம் 5 முதல் 52 டிகிரி வரை. மே மாதம் மதியம் வேலூர் வெயிலில் திறந்த யார்டில் கிடக்கிற தகட்டில் கை வைத்துப் பாருங்கள். 52ஐத் தாண்டினால் சாயம் உள்ளே இறங்கும் முன்னே மேலேயே காய்ந்து பிசினாகிவிடும். ஒன்று, காலையில் முடிக்க வேண்டும். இல்லை, நிழலுக்குக் கொண்டுவர வேண்டும். அதுவும் முடியாது என்றால் அந்த வெப்பத்துக்கென்று தனியாகத் தகுதிச் சோதனை செய்த புரொசீஜர் வேண்டும். பரப்பு வெப்பம் அளக்கிற தெர்மாமீட்டரை மேசையில் வைத்துப் பாடம் நடத்துகிற இடம் வேலை தெரிந்த இடம். கிரைண்டராக இருந்தவர்களுக்கு இந்த வகுப்பில் ஒரு அனுகூலம்: மேலே மேலே தேய்த்தால் உலோகம் இழுபட்டு விரிசலின் வாய் மூடிக்கொள்ளும் என்று சொன்னதும் புரிந்துவிடும். ஷாட் பிளாஸ்ட் செய்த பரப்பிலும் இதே கதைதான்.

எம்.டி. வகுப்பில் யோக்கை (பொருளில் காந்தம் ஏற்றும் கைக்கருவி) வைத்து எடை தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். ஏ.சி. யோக் கால்களை முழுசாக விரித்த நிலையில் 4.5 கிலோ இரும்பைத் தூக்க வேண்டும், டி.சி. என்றால் 18 கிலோ. எடைக்கட்டி இல்லாத லேபில் யோக் வேலை செய்கிறதா என்று யாருக்கும் தெரியாது. ஒரு திசையில் காந்தம் ஏற்றிப் பார்த்தால் அதற்குக் குறுக்கே போகிற விரிசல்தான் தெரியும். அதனால் 90 டிகிரி திருப்பி இன்னொரு முறை பார்க்க வேண்டும். செய்முறைத் தேர்வில் பாதிப் பேர் மதிப்பெண் விடுவது இந்த இரண்டாவது திசையில். காந்தம் ஏறாத 304, 316 எஸ்.எஸ். பொருளுக்கு எம்.டி. ஆகாது, அங்கே பி.டி.தான் என்பதையும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

யூ.டி.யில்தான் காசும் அதிகம், ஏமாற்றமும் அதிகம். கேட்க வேண்டிய கேள்வி, ஒரு மிஷினுக்கு எத்தனை பேர்? பதினைந்து பேருக்கு ஒரு மிஷின் என்றால் 40 மணி செய்முறையில் உங்கள் கைக்கு வருவது 3 மணிக்கும் குறைவு. நான்கு பேருக்கு ஒன்று என்றால் 10 மணி. கருவியைச் சரிபார்க்கும் வி1, வி2 இரண்டு பிளாக்கும் இருக்க வேண்டும். 45, 60, 70 டிகிரி புரோப் மூன்றும் வேண்டும். புரோபின் மேல் 60 என்று அச்சடித்திருக்கும், தேய்ந்த பின் அது 60 ஆக இருக்காது. வி1ல் வைத்து ஒலி வெளிவரும் புள்ளியையும் உண்மையான கோணத்தையும் தினமும் வேலை தொடங்குமுன் சரிபார்க்கப் பழக்க வேண்டும். கோணம் 2 டிகிரி தள்ளினாலே ஆழக் கணக்கு மாறி, வெல்டின் வேருக்கு (அடிப்பகுதிக்கு) பக்கத்தில் இருக்கிற குறையை வேர் வடிவத்தின் எதிரொலி என்று எழுதிவிட்டுப் போவீர்கள். இன்னொன்று: புரோபுக்கும் பரப்புக்கும் நடுவே தடவுகிற பசையில் சி.எம்.சி. என்று ஒன்று உண்டு. வேலூர்க்காரருக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வரும். இது கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், தண்ணீரில் கரைத்துத் தடவுவது, வேலை முடிந்ததும் கழுவிவிடலாம்.

யூ.டி.க்குச் சேருமுன் இந்த வட்டாரத்தில் என்ன செய்கிறார்கள் என்று ஒரு கணம் யோசியுங்கள். ராணிப்பேட்டை பெல்லில் செய்வது பாய்லருக்கான துணைக்கருவிகள்: எலக்ட்ரோஸ்டாடிக் பிரெசிபிடேட்டர், விசிறி, ஏர் பிரீஹீட்டர் வகையறா. சுற்றியுள்ள பட்டறைகளுக்கு வருகிற அந்த மாதிரி வேலைகளில் மெல்லிய தகடு, ஃபில்லெட் வெல்ட் அதிகம். அமெரிக்க வெல்டிங் சங்கமான ஏ.டபிள்யூ.எஸ்.ஸின் டி1.1 கட்டமைப்புக் கோடில் யூ.டி.யின் வரம்பு 8 மி.மீ. தடிமனில்தான் தொடங்குகிறது. 5, 6 மி.மீ. உறைத் தகட்டில் நாளெல்லாம் இருப்பவருக்கு யூ.டி. அனுபவ மணி சேரவே சேராது. அவருக்குப் பயன்படுவது வி.டி., பி.டி., எம்.டி. ஃபில்லெட் கேஜைச் சரியாகப் பிடித்து லெக், த்ரோட் அளந்து, அண்டர்கட் ஆழம் சொல்லத் தெரிந்தவரைத்தான் க்யூ.சி. மேனேஜர் முதலில் தேடுவார். கனத்த தகடு, பிரஷர் வெசல் பக்கம் போகிறவர்கள் யூ.டி.யில் பணம் போடலாம்.

ஆர்.டி. பற்றிச் சுருக்கமாக. லெவல் 2 அட்டை இருப்பதால் மட்டும் காமா கதிர் தரும் இரிடியம் சோர்ஸைத் தொட முடியாது. கதிர்வீச்சு வேலை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கட்டுப்பாட்டில் வருகிறது. அதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட ரேடியோகிராபர் பயிற்சி, உடலில் பட்ட கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் எல்லாம் தனி. ஃபிலிம் படிக்க மட்டும் கற்றுக்கொள்கிறேன் என்பவருக்குச் சரி. மற்றவர்களுக்கு 80 மணிப் பாடத்தை இரண்டு நாளில் ஸ்லைடு போட்டுக் காட்டுவதில் ஒன்றும் மிஞ்சாது.

பரீட்சை பற்றி ஒரு புகார். பொதுத் தாள் 40 கேள்வி, குறிப்புத் தாள் 20 கேள்வி, செய்முறையில் குறைந்தது 10 அம்சம். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம், சராசரி 80 என்பது பரிந்துரை. சில இடங்களில் முந்தின நாள் ராத்திரியே கேள்வித்தாளின் ஜெராக்ஸ் வந்துவிடும். சந்தோஷப்படாதீர்கள். கல்ஃப் வேலைக்கு இன்டர்வியூ எடுக்கிறவர் புரோபைக் கையில் கொடுத்து, வி2ல் ரேஞ்ச் கேலிபரேட் செய் என்பார். அங்கே ஜெராக்ஸ் வராது. கண் பரிசோதனையையும் அலட்சியம் செய்ய வேண்டாம். 12 அங்குலத்துக்குக் குறையாத தூரத்தில் ஜேகர் அட்டையில் 2 என்ற அளவிலுள்ள சின்ன எழுத்தைப் படிக்க வேண்டும், வருஷா வருஷம். கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கலாம். நாற்பதைத் தாண்டியவர் கோர்ஸுக்குப் பணம் கட்டுமுன் கண்ணைக் காட்டிவிட்டு வருவது மேல்.

கம்பெனியைச் சாராத சான்றே வேண்டும் என்றால் வழி இருக்கிறது, செலவும் அலைச்சலும் கூடுதல். ஐ.எஸ்.ஓ. 9712 முறையில் சான்று தருவது முதலாளி இல்லை, தனிச் சான்றளிப்பு அமைப்பு. பயிற்சி வேறு, சான்றளிப்பு வேறு என்று அது பிரித்து வைத்திருக்கிறது. 5 வருஷம் செல்லும், வேலை மாறினாலும் உங்கள் பெயரிலேயே இருக்கும். குறிப்பிட்ட வேலையைச் செய்ய அனுமதி எழுதிக்கொடுப்பது மட்டும் புதிய முதலாளி. நம் நாட்டில் இந்திய என்.டி.டி. சங்கமான ஐ.எஸ்.என்.டி. இந்த மாதிரிச் சான்றளிப்புத் தேர்வுகளை நடத்துகிறது. அதன் தலைமையிடம் சென்னை கிண்டி. காட்பாடியிலோ வாலாஜா ரோட்டிலோ காலை ரயிலைப் பிடித்தால் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் பல நாள் வகுப்பு என்றால் தினம் போய் வருவது கட்டாது. தங்கும் செலவையும் சம்பளம் இல்லாத லீவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 4 முறை அட்டைக்குக் கொடுக்கிற பணத்தில் இங்கே ஒரே ஒரு முறைதான் முடியலாம். ஒரு முறை போதும். முதல் வருஷம் பி.டி. அல்லது எம்.டி., அனுபவ மணி சேர்ந்த பின் யூ.டி. என்று போகிறவர் மூன்று வருஷத்தில் நிற்கிற இடம், 10 நாளில் நான்கு அட்டை வாங்கியவர் நிற்கிற இடத்தைவிட மேலே.

கோர்ஸ் விற்கிறவர் 'எங்கள் லெவல் 3 ஏ.எஸ்.என்.டி.காரர்' என்றால் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஏ.எஸ்.என்.டி. இணையதளத்தில் பெயரைப் போட்டால் சான்று எந்த முறைக்கு, எதுவரை செல்லும் என்று தெரிந்துவிடும். பி.டி.யில் மட்டும் லெவல் 3 ஆனவர் யூ.டி. தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. பெரும்பாலும் சறுக்குவது இங்கே.

பணத்தை மொத்தமாகக் கட்ட வேண்டாம். சீட்டு எடுத்தோ நகையை வைத்தோ கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்; 'நூறு சதவீதம் வேலை' என்ற வார்த்தையை நம்பி அப்படிச் செய்ய வேண்டாம், அந்த வார்த்தையை ரசீதில் எழுதித் தரச் சொன்னால் எழுதமாட்டார்கள். பாதி முன்னால், மீதி செய்முறைத் தேர்வு முடிந்து மதிப்பெண் தாள் கைக்கு வந்த அன்று. ரசீதில் கோர்ஸின் பெயரோடு மணிநேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். யூ.டி.க்கு 80 என்று எழுதக் கை தயங்கினால், நோட்டீஸில் அடுத்த நம்பருக்குப் போன் போடலாம்.